மலை தெரியாத மலையூர்... பீங்கான் பூக்கும் விருத்தாசலம்!

பழைய வீடுகளில் மின்சார மீட்டருக்குக் கீழே வெள்ளை வெளேர் என்று ஒரு கட்டை இருக்கும். திடீரென்று கரண்ட் போனால், அப்பா நம்மை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்தக் கட்டையைப் பிடுங்குவார். மெல்லிய கம்பியைச் சுற்றி மறுபடி சொருகுவார். பளிச்சென்று விளக்கு எரியும். அதன் பெயர் ஃப்யூஸ் கேரியர். அந்த வெள்ளைக் கட்டைகளை ஏராளமாகச் செய்து அனுப்பிய ஊர்களில் ஒன்று விருத்தாசலம்.

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் இந்த ஊரை நம்மில் பலர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்போம். 'விருத்தாசலம் ஜங்ஷன்' என்ற மஞ்சள் பலகை, ஒரு டீ, அவ்வளவுதான். ஒரு நாள் இறங்கித்தான் பாருங்களேன். ஆயிரம் வருடக் கோயிலும், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையும் ஒரே ஊரில் இருக்கின்றன.

மலை எங்கே?

'விருத்த' என்றால் முதிய. 'அசலம்' என்றால் அசையாதது, அதாவது மலை. தேவாரம் இந்த ஊரைத் திருமுதுகுன்றம் என்கிறது. பழமலை என்றும் ஒரு பெயர் உண்டு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்.

ஆனால் ஊருக்குள் எங்கே சுற்றினாலும் மலையைக் காணோம். தலபுராணம் இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறது. உலகில் மற்ற மலைகளைப் பிரமன் படைப்பதற்கு முன்பே சிவபெருமான் இங்கே மலையாக நின்றாராம். எல்லா மலைகளுக்கும் மூத்த அந்த மலை பூமிக்குள் அழுந்தியிருக்கிறது, அதன் மேல்தான் கோயில் நிற்கிறது என்பது நம்பிக்கை. சுவாமியின் பெயரே விருத்தகிரீஸ்வரர், தமிழில் பழமலைநாதர். காசிக்கு நிகரான தலம் என்பதால் 'விருத்தகாசி' என்றும் சொல்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் யாரையாவது பெயர் கேட்டுப் பாருங்கள். பழமலை, விருத்தாம்பாள், கொளஞ்சி, கொளஞ்சியப்பன் என்று சாமியின் பெயரே திரும்பத் திரும்ப வரும்.

எல்லாமே ஐந்து!

கோயிலுக்குக் குழந்தைகளை அழைத்துப் போனால் ஒரு விளையாட்டு காத்திருக்கிறது. இங்கே எதை எண்ணினாலும் ஐந்து. ஐந்து கோபுரங்கள், ஐந்து பிராகாரங்கள், ஐந்து கொடிமரங்கள், ஐந்து நந்திகள், ஐந்து தீர்த்தங்கள், ஐந்து தேர்கள். இறைவனுக்கே ஐந்து திருநாமங்கள் உண்டு.

கிழக்குக் கோபுரம் வழியாக உள்ளே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவர் ஆழத்துப் பிள்ளையார். மற்ற ஊர்களில் பிள்ளையாரைப் பார்க்க மலை ஏற வேண்டும். இங்கே படியிறங்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே அமர்ந்திருக்கிறார். விநாயகருக்கும் அறுபடை வீடுகள் உண்டு என்பார்கள். அதில் இது இரண்டாவது.

சைவ ஆகமங்கள் 28. அந்த எண்ணிக்கையில் 28 லிங்கங்களை முருகப்பெருமான் இங்கே வைத்து வழிபட்டதாக ஐதீகம். வரிசையாக நிற்கும் அந்த லிங்கங்களைப் பார்க்கத் தவறாதீர்கள்.

இப்போது நாம் பார்க்கும் கருங்கல் கோயிலின் பெருமையில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயாருமான செம்பியன் மாதேவிதான் அவர். 10-ம் நூற்றாண்டில் சோழநாடெங்கும் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய அந்த அம்மையாரின் திருப்பணி இங்கேயும் நடந்தது.

கிழவியா, குமரியா?

அம்பாள் பெயர் விருத்தாம்பிகை, பெரியநாயகி. அதே கோயிலில் பாலாம்பிகை, அதாவது இளையநாயகியும் இருக்கிறாள். ஏன் இரண்டு?

திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்குப் புறப்பட்ட குருநமசிவாயர் என்ற துறவி வழியில் இங்கே தங்கினார். நல்ல பசி. அம்பாளிடம் சோறு கேட்டுப் பாடினார். பாட்டில் அவளை முதியவளாகவே வர்ணித்துவிட்டார். உடனே ஒரு பாட்டி வடிவில் வந்தாளாம் அம்பாள். "என்னைக் கிழவி என்று பாடினால், கிழவியால் எப்படிச் சோறும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு வர முடியும்?" என்று கேட்டாளாம். சட்டென்று அவர் அவளை இளையவளாக வைத்து ஒரு பாட்டுப் பாட, சின்னப் பெண்ணாகச் சோற்றோடு வந்து நின்றாள் என்பது கதை. வயதைச் சொன்னால் அம்பாளுக்கே கோபம் வரும்போது நாமெல்லாம் எம்மாத்திரம்!

ஆற்றில் போட்டு, குளத்தில் எடுத்தது

இன்று செல்போனில் ஓர் ஊரில் பணம் போட்டு, இன்னோர் ஊரில் எடுக்கிறோம். சுந்தரர் இதை அன்றே செய்துவிட்டார்.

திருமுதுகுன்றத்தில் பாடிய சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்தார். அவ்வளவையும் வழியில் தூக்கிக்கொண்டு திருவாரூர் போவது எப்படி? "மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று உத்தரவானது. சுந்தரரும் விவரமானவர். மாற்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் பொன்னை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதியை ஆற்றில் விட்டார்.

நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருவாரூரில், மனைவி பரவை நாச்சியார் பார்த்துக்கொண்டிருக்க, கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடினார். முதலில் கிடைக்கவில்லை. அம்மையார் சிரித்துவிட்டார். பதிகம் பாடிய பிறகு பொன் வந்தது. உரைத்துப் பார்த்தால் மாற்று குறைவு! மறுபடியும் பாட, மாற்றும் சரியானது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

அந்த மணிமுத்தாறு கல்வராயன் மலைப்பக்கம் பிறந்து, இந்த ஊரைத் தொட்டு ஓடி, வெள்ளாற்றில் கலக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் மணல்தான். மாசி மகத்தன்று மட்டும் கரை முழுக்கக் கூட்டம் நிற்கும். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள்.

உழைத்த அளவுக்குக் கூலி

கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து என்ற முனிவர் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை. வன்னி இலைகளை அள்ளிக் கொடுத்தார். அவரவர் செய்த வேலை எவ்வளவோ, அந்த அளவுக்கு இலைகள் பொன்னாக மாறினவாம். ஏமாற்றியவர் கையில் இலை இலையாகவே இருந்திருக்கும்! உழைப்பாளிகளின் ஊருக்கு ஏற்ற கதை. மாசி மகப் பெருவிழாவில் இந்த முனிவருக்கு இறைவன் காட்சி கொடுக்கும் ஆறாம் நாள் உற்சவம் விசேஷமானது.

ஆஸ்திரேலியா போய் வந்த சிலை

இனி வருவது புராணம் அல்ல. நம் காலத்துச் சம்பவம்.

இந்தக் கோயிலின் வெளிச்சுவர் மாடம் ஒன்றில் ஒரு அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை இருந்தது. பாதி சிவன், பாதி உமை. அது களவு போனது. அந்த மாடத்தில் புதிதாகச் செய்த சிலை ஒன்று வந்து உட்கார்ந்தது. சாமி கும்பிட வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அசல் சிலை நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரம் செய்த சுபாஷ் கபூரின் கைக்குப் போனது. அவரிடமிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியது. கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், நம் ஊர் சாமி வேறொரு கண்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

திருட்டை எது காட்டிக்கொடுத்தது தெரியுமா? ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழகக் கோயில்களைச் சுற்றிச் சிலைகளைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அதில் விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் இருந்தார். சிட்னி சிலையையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது.

2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இந்தச் சிலையையும் டெல்லியில் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். இதே கோயிலிலிருந்து போன பிரத்யங்கிரா சிலை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. அதுவும் 2016-ல் இந்தியாவுக்குத் திரும்பியது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் புதுச்சேரியிலிருந்து ஆள் வந்து படமெடுத்திருக்க மாட்டார்கள். இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. உங்கள் ஊர்ச் சின்னக் கோயிலின் சிலைகளை, நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, தேதியோடு படமெடுத்து வைத்தால், என்றாவது ஒரு நாள் அதுதான் சாட்சி சொல்லும்.

பீங்கான் வந்த கதை

இனி தொழிற்பேட்டைப் பக்கம் போகலாம்.

விருத்தாசலத்துக்கும் பீங்கானுக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? விடை பக்கத்து ஊரான நெய்வேலியில் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்க 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. நிலக்கரி மேலாகவா கிடக்கிறது? அதற்கு மேலே மூடியிருக்கும் மண்ணை மலை மலையாக அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. கழிவு என்று ஒதுக்க வேண்டியது, கழுவிச் சுத்தம் செய்தால் பீங்கானுக்கு மூலப்பொருள்!

1960-களில் ஊர் ஊராகத் தொழிற்பேட்டைகள் எழுந்தன. விருத்தாசலத்துக்குப் பீங்கானுக்கென்றே ஒன்று அமைந்தது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று யோசிக்கும் பிள்ளைகள் இப்படி ஒரு படிப்பு இருப்பதையும் தெரிந்துகொள்ளலாம். வகுப்பறைப் பாடத்தோடு தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த படிப்பு இது.

இன்னொரு சுவாரசியம். இந்த வெள்ளைக் களிமண்ணுக்கு உலகம் முழுக்க 'கயோலின்' என்று பெயர். சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஜென் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மேட்டின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்தச் சீனப் பெயருக்கு 'உயர்ந்த முகடு' என்று பொருள். அங்கே மண்ணுக்கு மலையின் பெயர்; இங்கே அந்த மண்ணை வைத்துப் பிழைக்கும் ஊருக்கு மலையின் பெயர். நல்ல பொருத்தம்தான்!

ஒரு கோப்பை பிறக்கிறது

குயவர் சக்கரத்தில் பானை வனைவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பது வேறு மாதிரி. வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைத் தண்ணீரோடு சேர்த்து, கற்கள் உருளும் பெரிய டிரம்மில் பல மணி நேரம் அரைப்பார்கள். கடைசியில் கெட்டியான மோர் மாதிரி ஒரு குழம்பு கிடைக்கும்.

அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் படிந்து சுவர் மாதிரி நிற்கும். போதுமான தடிமன் வந்ததும் நடுவில் இருக்கும் குழம்பைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுவார்கள். கொஞ்சம் காய்ந்ததும் அச்சைப் பிரித்தால் உள்ளே கோப்பையோ, பிள்ளையாரோ, மான் பொம்மையோ இருக்கும். உள்ளே கூடாக இருக்கும் பொம்மைகளின் ரகசியம் இதுதான்.

காயும்போதும் சுடும்போதும் பொருள் சுருங்கும். பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்துவிடும். அதனால் அச்சையே அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். அச்சுத் தையலின் பிசிறை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுத்து, சூளையில் அடுக்குவார்கள். ஆயிரம் டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் அந்தப் பூச்சு உருகிப் பளபளப்பாகும்.

உங்கள் வீட்டில் பீங்கான் கோப்பை இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வளையமாக ஒரு இடம் சொரசொரப்பாக இருக்கும். அங்கே பூச்சு இருந்தால் அது உருகி, கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுக்குவதற்கு முன் அந்த வளையத்தைத் துடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கையால் செய்கிற வேலை.

சூளைக்குப் போகும் முன் உடைந்தால் கவலையில்லை. தண்ணீரில் கரைத்து மறுபடி குழம்பாக்கலாம். சூளையில் விரிசல் விட்டால் போனது போனதுதான். மறுபடி மண்ணாக்க முடியாது. சூளை திறக்கும் நாளில் எல்லோர் கண்ணும் அந்தக் கதவின் மேல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

தாக்குப்பிடிக்குமா தொழில்?

ஒரு காலத்தில் ஃப்யூஸ் கேரியர், மின்கம்பத்து இன்சுலேட்டர், வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை, ஊறுகாய் ஜாடி என்று எல்லாவற்றுக்கும் பீங்கான்தான். பிறகு காலம் மாறியது. ஃப்யூஸ் கட்டை இருந்த இடத்துக்குத் தட்டினால் இறங்கும் எம்.சி.பி. ஸ்விட்ச் வந்தது. ஜாடி இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் டப்பா வந்தது.

சந்தையில் போட்டியும் பெரிது. குஜராத்தின் மோர்பி நகரம் குழாய் வழி எரிவாயுவைக் கொண்டு மலிவாக, லட்சக்கணக்கில் உற்பத்தி செய்கிறது. உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா கோப்பைக்கும் ஜாடிக்கும் பேர் வாங்கிய ஊர். சீனப் பொம்மைகள் வேறு. பீங்கான் தொழிலில் பெரிய செலவே எரிபொருள்தான். சூளையைப் பாதி வெப்பத்தில் நிறுத்த முடியாது. சரக்கு கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் வெப்பம் ஏறித்தான் ஆக வேண்டும். சின்ன பட்டறைகள் திணறுவது இங்கேதான்.

இத்தனைக்கும் நடுவில் விருத்தாசலம் கைவிட்டுவிடவில்லை. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்குப் பீங்கான் அகல் விளக்கு, வரவேற்பறைக்கு அலங்காரப் பொம்மை என்று பண்டிகைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பூச்சு ஏற்றிய அகல் எண்ணெயை உறிஞ்சாது. கழுவி வைத்தால் அடுத்த வருடமும் ஏற்றலாம். பிசிறு துடைப்பது, பூச்சில் முக்குவது, வண்ணம் தீட்டுவது போன்ற கைவேலைகள்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கின்றன. அடுத்த முறை அகல் வாங்கும்போது "இது எந்த ஊர்?" என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டால்தான் அவர் தேடிப் பிடித்து வாங்கி வைப்பார்.

முருகனிடம் ஒரு பிராது

விருத்தாசலத்தின் மேற்கே மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். இங்கே முருகனுக்கு வேல் பிடித்த உருவம் கிடையாது. பலிபீடம் போன்ற வடிவில் அருள்கிறார். கொளஞ்சிச் செடிகள் மண்டிய காட்டில் வெளிப்பட்டதால் இந்தப் பெயர்.

இவரிடம் வேண்டிக்கொள்ளும் முறையே தனி. கடன் வாங்கியவன் திருப்பித் தரவில்லை, நகை காணாமல் போய்விட்டது, மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று எது இருந்தாலும் காகிதத்தில் மனுவாக எழுதி, பூஜையில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். இதற்குப் 'பிராது கட்டுவது' என்று பெயர். காரியம் நடந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். கோர்ட்டு வாசலில் வருடக் கணக்கில் நிற்க வசதியில்லாத மக்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நீதிமன்றம் இது.

மல்லாட்டை, முந்திரி, எழுத்து

நிலக்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். செம்மண் காடுகளில் முந்திரி. இரண்டுக்கும் பேர்போன ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் கடலை ரகமோ முந்திரி ரகமோ கேள்விப்பட்டால், அது விருத்தாசலத்தின் சுருக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணைப் போலவே எழுத்தும் இங்கே நன்றாக விளைகிறது. 'கோவேறு கழுதைகள்' நாவலையும், சாகித்ய அகாடமி விருது பெற்ற 'செல்லாத பணம்' நாவலையும் எழுதிய இமையம் இந்த ஊர்க்காரர். பக்கத்துக் கிராமமான மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'அஞ்சலை' நாவலை எழுதினார். நடுநாட்டு மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஒரு சொல்லகராதியே தொகுத்தார். சிறுகதை மன்னன் புதுமைப்பித்தனின் இயற்பெயர் என்ன தெரியுமா? சொ. விருத்தாசலம்! பூர்வீகம் திருநெல்வேலி என்றாலும், 1906-ல் அவர் பிறந்தது இதே கடலூர் மாவட்டத்தின் திருப்பாதிரிப்புலியூரில்.

அரசியல் பிரியர்களுக்கும் ஒரு தகவல். நடிகர் விஜயகாந்த் 2006-ல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது விருத்தாசலம் தொகுதியிலிருந்துதான்.

எப்படிப் போவது?

சென்னை – திருச்சி கார்டு லைனில் விழுப்புரத்தைத் தாண்டியதும் வரும் பெரிய ஜங்ஷன் இது. வைகை, பல்லவன் போன்ற ரயில்கள் நிற்கும். சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. காரில் வருபவர்கள் உளுந்தூர்பேட்டையில் திரும்பலாம்.

காலையில் பழமலைநாதர் கோயில். நடை சாத்தும் முன் கொளஞ்சியப்பர். மதியத்துக்கு மேல் தொழிற்பேட்டைப் பக்கம் போகலாம். எல்லாம் சின்னச் சின்னப் பட்டறைகள் என்பதால் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நேரம் இருந்தால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளையும் சேவித்துவிட்டு வரலாம். மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் கடலாடக் கிள்ளைக்குப் போகும்போது, அங்குள்ள இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்பது இன்றும் தொடரும் வழக்கம்.

திரும்பும்போது பையில் நாலு அகல் விளக்கோ, ஒரு சின்னப் பொம்மையோ இருக்கட்டும். காகிதத்தில் நன்றாகச் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். உடையாமல் வீடு வந்து சேரும்.